இரண்டாவது சத்தம்

உமைமாவுக்குச் சண்டைக் காட்சி என்றால் உயிர். சினிமாச் சண்டை இல்லை, காகிதத்தில் வரைந்த சண்டை. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் போய்ச் சேரும்வரை பக்கத்து சீட்டுப் பெண்கள் சீரியல் பார்ப்பார்கள், தூங்குவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். இவள் ஃபோனில் மங்கா படிப்பாள். ஜப்பான்காரர்கள் கறுப்பு வெள்ளையில் வரையும் படக்கதைகள். இங்கிலீஷில் வரும். பாதி வார்த்தை புரியாது. புரியாவிட்டால் என்ன, அவள் படித்தது வார்த்தைகளை அல்லவே.

ஒரு பக்கத்தை அவளால் மறக்கவே முடியாது. ஒருத்தன் அடிக்கக் கையைப் பின்னால் இழுக்கிறான். அடுத்த கட்டத்தில் எதிராளியின் செருப்பு மட்டும் தரையில் கிடக்கிறது, ஆளைக் காணோம். அவ்வளவுதான். அடி விழுந்ததை ஓவியன் வரையவே இல்லை. ஆனால் உமைமாவுக்குத் தாடையில் வலித்தது. ஆம்பூர் வந்து சேரும்வரை அந்தப் பக்கத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவனின் குதிகால் தரையை விடும் அந்த நொடி, சுழலும் துணியின் மடிப்பு, திடீரென்று ஒன்றுமே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம். ஓர் அசைவை எங்கே வெட்டினால் அது ஓடும், எங்கே வெட்டினால் செத்துப்போகும் என்பதை அவள் இரண்டு வருடமாகத் தன்பாட்டில் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் பிரிவில். பிரஸ்ஸில் வெட்டி வரும் துண்டுகளை நிறம் பார்த்து ஜோடி சேர்த்துக் கட்ட வேண்டும். அவள் மேசைக்கு நேர் எதிரே தானியேலின் பிரஸ். பதினாறு வருடமாக அந்த ஒரே மெஷினில் நிற்கிற மனிதர். சாப்பாட்டு நேரத்தில் வீணாய்ப் போன அட்டையின் பின்பக்கத்தில் உமைமா வரைவாள். தானியேல்தான் அவளுக்கு மாடல்.

"அண்ணா, பாய்ற மாதிரி நில்லுங்க. ஒரு கால் பின்னால."

"சோறு தின்னவுடனே பாயச் சொல்றியே, உனக்கே நியாயமா இது?" என்று சொல்லிக்கொண்டே அவர் பாய்வார். தொப்பை சட்டைக்கு வெளியே வந்துவிடும். சுற்றி நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

பிரஸ் வேலை பார்க்க எளிது. பலகைமேல் தோலை விரித்து, அதன்மேல் ஷூ துண்டின் வடிவத்தில் இருக்கும் இரும்புக் கத்தியை வைக்க வேண்டும். பிறகு இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். மேலே நிற்கும் கனத்த இரும்புக் கை இறங்கிக் கத்தியை அழுத்திவிட்டு ஏறும். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான டக். உமைமாவின் காதுக்கு அது சத்தமாகவே கேட்காது.

அன்றைக்கு ஒரு டக் கேட்டது. அதன் முதுகிலேயே ஏறிக்கொண்டு இன்னொரு டக் கேட்டது.

உமைமா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது புத்திக்கு எட்டவில்லை. தானியேல் கத்தவில்லை. இடது கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார், யாரோ கொடுத்த சாமானைப் பார்க்கிற மாதிரி. பிறகுதான் மற்றவர்கள் கத்தினார்கள். யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். உமைமா கையில் இருந்த துண்டுகளை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் போன பிறகு ஒரு பெண் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

தானியேலுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது.

அன்று சாயங்காலம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். "இன்னாம்மா பார்த்த?" என்று கேட்டார்கள். "மெஷின் விழுந்துச்சு" என்றாள். "எப்படி விழுந்துச்சு?" என்றார்கள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. மறுபடி கேட்டார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. அங்கிருந்தவர் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் இரண்டு வரி அடித்து, அச்செடுத்து நீட்டினார். சம்பவம் நடந்தபோது நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று இருந்தது. உமைமா கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் பழக்கத்தில் ஃபோனைத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து பக்கம் வந்தது. ஒருத்தனின் முஷ்டி இன்னொருத்தன் முகத்தில் இறங்குகிறது, சுற்றிலும் நூறு கோடுகள் சீறுகின்றன. நேற்றுவரை 'ஆஹா' என்று பார்த்த பக்கம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அதன்பிறகு அவள் மங்காவைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் தானியேலைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை. அவர் மனைவி ஹெலன் உமைமாவை வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள்.

"கம்பெனில விசாரணை வைக்கிறாங்களாம்மா. பட்டன அழுத்திட்டு, பிரஸ் இறங்கும்போதே அவசரத்துல கைய வுட்டுட்டார்னு சொல்றாங்க. அப்படின்னு முடிவாச்சுன்னா வேலையே போய்டும்."

"அண்ணா இன்னா சொல்றாரு, அக்கா?"

"மொதல்ல 'நான் அழுத்தல, அழுத்தல'ன்னு கத்திட்டு இருந்தார். இப்ப..." ஹெலன் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நேத்து என்னையே கேக்கறார், 'ஹெலன், நான்தான் அழுத்திட்டேனா?'ன்னு. நான் இன்னா சொல்வேன்? நான் அங்க இருந்தனா?"

விரல் போனதைவிட இது உமைமாவுக்குப் பெரிய அடியாகப் பட்டது. பதினாறு வருடம் அதே பொத்தானை அழுத்திய மனிதருக்குத் தன் கை எங்கே இருந்தது என்றே சந்தேகம் வந்துவிட்டது. அங்கே இருந்தவள் இவள். பார்த்தவள் இவள். பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளும் இவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா சைரா சாப்பிடக் கூப்பிட்டாள், உமைமா எழுந்திருக்கவில்லை.

வார்த்தையில் வராதது கோட்டில் வந்தது. முதல் 'டக்'கை வரைந்தாள்: இரண்டு உள்ளங்கையும் இரண்டு பொத்தான்மேல், இரும்புக் கை கத்தியை அழுத்துகிறது. அடுத்து, இரும்புக் கை ஏறுகிறது, தானியேலின் கைகள் பொத்தானை விட்டு விலகுகின்றன. பிறகு அந்த நொடிக்கு வந்தாள். கம்பெனி சொல்கிறபடியே வரைந்து பார்ப்போம் என்று, பொத்தானை அழுத்தின கை அவசரமாக உள்ளே பாய்வதுபோல் வரைந்தாள். படம் நிற்கவில்லை. அவசரப்படுகிறவனின் தோள் முன்னால் வரும், கழுத்து இறங்கும், குதிகால் தரையை விடும். அவள் பார்த்த தானியேலின் குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. தோள் தளர்ந்திருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டாள்.

இன்னோர் அட்டை. மேல் வரிசையில் முதல் இரண்டு கட்டங்களையும் மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை யார் சொன்னதையும் நினைக்காமல், கீழ் வரிசையைக் குதிகாலிலிருந்து தொடங்கினாள். கால், இடுப்பு, தோள், முழங்கை. கை தானாக வந்து சேர்ந்தது. வலது கை தோலின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது; இடது கை கத்தியை லேசாக நகர்த்திவிட்டு, வெட்டின துண்டை எடுக்கிறது. இரண்டு கையும் உள்ளே. இரண்டு பொத்தானும் காலி. அந்த இரண்டு காலிப் பொத்தான்களைப் பார்த்ததும் அவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். இது அவளுக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும். மெஷின் தானாக இறங்கியது.

கடைசிக் கட்டத்தில், இரும்புக் கை விழும் இடத்தில், சீறும் கோடுகளைப் போடத்தான் கை போனது. ஒன்றுகூடப் போடவில்லை. நிஜத்தில் எந்தக் கோடும் இல்லை. சத்தம் வந்தது, பிறகு எல்லாம் வெள்ளையாகப் போனது. இரும்பைச் சுற்றி வெள்ளையாகவே விட்டாள்.

சைரா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லாஹ்! இத எங்க கொண்டு போகப் போற?"

"விசாரணைக்கு, அம்மி."

"கையெழுத்து போட்டுட்டு வந்துட்ட. இப்ப போய் மாத்திச் சொன்னா உன்னையும் வெளிய அனுப்பிடுவாங்க. நமக்கு எதுக்கு இந்த பேஜார்?"

"அவருக்கே அவர்மேல சந்தேகம் வந்துருச்சு அம்மி" என்றாள் உமைமா. சைரா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

விசாரணை அடுத்த வியாழக்கிழமை, கம்பெனியின் மேல்மாடி அறையில் நடந்தது. சுவர் அலமாரியில் ஷூக்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. நடத்துவதற்கு வேலூரிலிருந்து கோதண்டராமன் என்ற வக்கீலை வரவழைத்திருந்தார்கள். பக்கத்தில் மேனேஜர் ரஷீத் அஹமது. தானியேலுக்கு அன்றுதான் கையில் இன்னோர் ஆபரேஷன்; அவருக்குப் பதிலாக ஹெலன் வந்திருந்தாள், மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள்தான் உமைமாவைச் சாட்சியாகக் கூப்பிடச் சொன்னாள்.

"நீ எதையும் கவனிக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கியே?" என்றார் கோதண்டராமன்.

"பார்த்தேன் சார். அன்னிக்கி சொல்லத் தெரியல. இப்பவும் வாயால சொல்ல வரல. வரைஞ்சிட்டு வந்திருக்கேன்."

ரஷீத் அஹமது நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, இது இன்னா டிராயிங் போட்டியா?"

கோதண்டராமன் கையை நீட்டினார். அட்டையை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவர் முகம் மாறியது. கண்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகப் போக, நாற்காலியில் பின்னால் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னையறியாமல் இடது கையை மேசைமேலிருந்து எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"நீயா வரைஞ்ச?"

"ஆமா சார்."

"எங்க கத்துகிட்ட?"

"பஸ்ல, சார்."

அவர் சிரிக்கவில்லை. அட்டையை ரஷீத் அஹமதுவிடம் நகர்த்தினார். அவரும் பார்த்தார். தண்ணீர் கிளாஸைத் தேடி எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்: "நாங்க சொன்னத அப்படியே வரைஞ்சிருக்கா. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

உமைமாவுக்குப் புரியவில்லை.

"பாருங்க" என்று ரஷீத் அஹமது விரல் வைத்தார். "பட்டன அழுத்தறார். கீழ் வரிசைல பிரஸ் இறங்குது. இறங்கிட்டு இருக்கும்போதே அடுத்த கட்டத்துல ரெண்டு கையையும் உள்ள வுடறார். அஜாக்கிரதை. க்ளியரா இருக்கு."

கோதண்டராமன் மெதுவாகத் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான்மா தெரியுது."

ஹெலன் திரும்பி உமைமாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எந்தத் திட்டையும்விட மோசமாக இருந்தது. நம்பி வந்தேனே என்றது அது.

உமைமா வரைந்ததே அவளுக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. எப்படி? அட்டையை வெறித்துப் பார்த்தாள். கீழ் வரிசை. வலது பக்கம், உள்ளே இருக்கும் கைகள். இடது பக்கம், விழும் இரும்பு. ரஷீத் அஹமதுவின் விரல் இடது பக்கக் கட்டத்தின்மேல் இருந்தது. இடதிலிருந்து வலமாக நகர்ந்தது.

"சார்!" என்று கத்திவிட்டாள். "அந்தப் பக்கத்துலேர்ந்து இல்ல சார்! வலது பக்கத்துலேர்ந்து! வலது கட்டம் மொதல்ல, அப்புறம்தான் எடது!"

ஜப்பான்காரர்களின் கதை வலமிருந்து இடமாகத்தான் ஓடும். உருது எழுத்தும் அப்படித்தான். பத்தாவதுவரை உருது மீடியத்தில் படித்த உமைமாவுக்கு அது விசித்திரமாகவே தோன்றியதில்லை. மங்காவை முதன்முதலில் திறந்தபோதே கண் தானாக வலது மூலைக்குப் போனது. வரைந்ததும் அப்படியே. இன்னொருவர் மறுபக்கத்திலிருந்து வாசிக்கக்கூடும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

ரஷீத் அஹமதுவும் வீட்டில் உருதுப் பத்திரிகை படிக்கிற மனிதர்தான். அவர் அட்டையை மறுபடி பார்த்தார், இந்தத் தடவை வலது மூலையிலிருந்து. காது மடல் சிவந்தது.

கோதண்டராமன் பேனாவை மூடினார். "இதபார்மா. இப்படிப் பார்த்தா அவர் தப்பு, அப்படிப் பார்த்தா மெஷின் தப்பு. நமக்கு எது தேவையோ அந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சுக்கலாம்னா நான் எத எழுதறது?"

"தோலைப் பாருங்க சார்." உமைமாவுக்கு இப்போது வார்த்தை வந்தது. "மேல வலது கட்டத்துல கத்திக்கு அடியில தோல் முழுசா இருக்கு. அங்கதான் மொத வெட்டு விழுது. கீழ, அண்ணா கை உள்ள இருக்கற கட்டத்துல பாருங்க, ஏற்கெனவே துண்டு வெட்டியாச்சு. அத எடுக்கத்தான் கை போகுது. வெட்டி முடிச்சுட்டு ஒருத்தர் எதுக்கு சார் மறுபடி பட்டன அழுத்துவார்?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார். "இங்க, கடைசிக் கட்டத்துல, வெட்டு ரெண்டு கோடா இருக்கே. கை நடுங்கிடுச்சா?"

உமைமா குனிந்து பார்த்தாள். கத்தியின் வளைவை ஒட்டி ஒரு நெல் அகலத்தில் இன்னொரு வளைவு இருந்தது. அதை வரைந்ததே அவளுக்கு நினைவில்லை.

"நடுங்கல சார்" என்றாள், தானே திகைத்துப்போய். "அப்படித்தான் இருந்துச்சுன்னு நினைக்கறேன்."

"அந்தத் தோல் இப்ப எங்க?"

அறையில் யாருக்கும் தெரியவில்லை. மெயின்டனன்ஸ் பார்க்கும் அதாவுல்லாவைக் கூப்பிட்டார்கள். அவர் தயங்கி, "மெஷினோட சேர்த்து மூடி வெச்சிருக்கு சார். யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க" என்றார். போய் எடுத்து வந்தார்.

தோல் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பழுப்புத் தோலின்மேல் இன்னும் கரும்பழுப்பாக ஒரு கறை. ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதாவுல்லா அதை மேசைமேல் விரித்து, ஜன்னல் வெளிச்சம் படும்படி திருப்பினார். துண்டு வெட்டிய ஓட்டை இருந்தது. அதன் விளிம்பை ஒட்டி, ஒரு நெல் அகலத்தில், இரண்டாவது வெட்டு.

அதாவுல்லாதான் முதலில் பேசினார், யாரிடமும் இல்லாமல், தோலிடம் பேசுகிற மாதிரி. "ஓட்டைக்குப் பக்கத்துல யார் சார் வெட்டுவா? துண்டு வேஸ்ட் ஆகும். இது ஆள் அடிச்சதில்ல. மெஷின் ரெண்டாவது தடவ தானா அடிச்சிருக்கு."

கோதண்டராமன் தோலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தோலைப் பார்த்தார். "இருபது வருஷமா சாட்சி கேட்கறேன்" என்றார் மெல்ல. "ஒரு அரை நொடிய இப்படிப் பார்த்த கண்ண நான் பார்த்ததில்ல." பிறகு ரஷீத் அஹமது பக்கம் திரும்பினார். "மத்த பிரஸ்ஸெல்லாம் இப்ப ஓடிட்டா இருக்கு?"

கீழேயிருந்து டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரஷீத் அஹமது எழுந்து, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், படியில் இறங்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியில்தான் ஹெலன் அழுதாள்.

அன்று சாயங்காலமே எல்லாப் பிரஸ்ஸையும் சோதித்தார்கள். இன்னும் இரண்டு மெஷின்களில் அதே கோளாறு வர இருந்தது தெரிந்தது. அதில் ஒன்றில் காலையிலிருந்து ஒருத்தர் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தி கேட்டதும் அவர் படியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தானியேல்மேல் தப்பு இல்லை என்று கோதண்டராமன் எழுதிக் கொடுத்தார். உமைமாவை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் பாராட்டவும் இல்லை. அடுத்த வாரம் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். போகிறபோது ரஷீத் அஹமது வாசலில் நின்று, "அங்க அட்டை நிறைய கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார். அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மார்ச் கடைசியில் தானியேல் வீட்டுக்கு வந்துவிட்டார். உமைமா பார்க்கப் போனாள். கோதண்டராமன் திருப்பிக் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். ஹெலன்தான் ஃபோனில் சொன்னாள், "எடுத்துட்டு வா. அவர் கேக்கறார்."

தானியேல் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் அட்டையை வாங்கினார். உமைமா சொன்னபடி வலது மூலையிலிருந்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசிக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுவார் என்று உமைமா நினைத்தாள். அவர் அதுவரை போகவே இல்லை. கைகள் இரண்டும் உள்ளே இருக்கும் கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டார். காலிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அழுத்தல" என்றார்.

"இல்லண்ணா."

"நான் அழுத்தல, ஹெலன்."

"தெரியுங்க" என்றாள் ஹெலன்.

பிறகு அவர் அட்டையை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். புருவம் ஏறியது. "ஏம்மா, இதுல நான் சிரிக்கறேனே?"

உமைமா எட்டிப் பார்த்தாள். திடுக்கிட்டுப் போனாள். ஆமாம். வாய் பாதி திறந்திருக்கிறது, கன்னம் மேலேறியிருக்கிறது, கண் நேராக அவள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்க்கிறது. எத்தனை பேர் பார்த்த படம். எத்தனை தடவை அவளே பார்த்த படம். கையையும் பொத்தானையும் தவிர யாருக்கும் எதுவும் கண்ணில் படவில்லை.

"உன்கிட்ட ஏதோ சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார் தானியேல். "இன்னா சொன்னேன்?"

"எனக்கு அந்த சத்தம் மட்டும்தாண்ணா ஞாபகம் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஹெலன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். இருந்தாற்போல் தானியேலின் முகம் மலர்ந்தது. படத்தில் இருந்த அதே முகம்.

"புது செருப்பு!" என்றார். "நீ அன்னிக்கி புது செருப்பு போட்டுட்டு வந்த. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஷூ கம்பெனில வேலை செஞ்சுகிட்டு ஜோடி பார்த்து வாங்கத் தெரியலியான்னு கேக்க வாயத் தொறந்தேன்."

உமைமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "ஆமாண்ணா" என்றாள். "இப்பவும் எடது கால் கடிக்குது."